பழைய காரில் ஒரே ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போனால்: ஷார்ட்டைத் தேடிப் பிடிக்கும் முறை

புது ஃபியூஸ் போட்டதும் எல்லாம் வேலை செய்கிறது. நாலு நாளில் மறுபடி போகிறது. அலுத்துப்போய், 10 ஆம்பைக் கழற்றிவிட்டு 20 ஆம்ப் போட்டுவிடுகிறார்கள். இன்னும் சிலர் போன ஃபியூஸின் இரண்டு காலையும் ஒரு இழை செம்புக் கம்பியால் இணைத்துவிடுகிறார்கள். ஃபியூஸ் இருப்பது பல்பையோ ரேடியோவையோ காப்பாற்ற என்று நினைப்பதால் வரும் வினை இது. அது காப்பது ஒயரை. 10 ஆம்புக்குத் தக்க மெல்லிய ஒயருக்குத் தலையில் 30 ஆம்ப் ஃபியூஸ் வைத்தால், ஷார்ட் ஆகும்போது ஃபியூஸ் நிற்கும், டேஷ்போர்டுக்குள் ஒயர் உருகும். அதோடு ஒட்டிப் போகும் மற்ற ஒயர்களும் சேர்ந்து உருகும். ஒரு ஒயரில் முடிய வேண்டிய வேலை முழு ஒயரிங் செட்டையும் மாற்றுவதில் போய் முடியும்.

முதலில் அங்கே இருக்க வேண்டிய அளவு எது என்று பாருங்கள். ஏற்கெனவே போட்டிருப்பதைப் பார்த்து அதையே வாங்காதீர்கள். முன்பு யாரோ மாற்றியிருக்கலாம். ஃபியூஸ் பெட்டியின் மூடியோ காரின் கையேடோதான் சாட்சி. பிளேடு ஃபியூஸில் நிறமே அளவைச் சொல்லும்: 5 ஆம்ப் வெளிர்ப் பழுப்பு, 7.5 பழுப்பு, 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 25 நிறமற்றது, 30 பச்சை. பழைய ஐரோப்பியக் கார்களின் கூம்பு முனைப் பீங்கான் ஃபியூஸில் கணக்கு வேறு: மஞ்சள் 5, வெள்ளை 8, சிவப்பு 16, நீலம் 25. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். லூகாஸ் என்ற கம்பெனியின் ஒயரிங் உள்ள பிரிட்டிஷ் கார்களின் கண்ணாடி ஃபியூஸில் இன்னொரு பொறி உண்டு. அதில் 35 என்று அச்சிட்டிருந்தால் அது எரிந்துபோகும் அளவு. தொடர்ந்து தாங்குவது சுமார் 17 ஆம்ப்தான். அந்த இடத்தில் மற்ற வகை 35 ஆம்ப் கண்ணாடி ஃபியூஸைப் போட்டால், தெரியாமலே இரண்டு மடங்கு ஏற்றிவிட்டீர்கள் என்று பொருள்.

போன ஃபியூஸைத் தூக்கி எறியாதீர்கள்

வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பாருங்கள். உலோகப் பட்டை தெறித்து, பிளாஸ்டிக்கோ கண்ணாடியோ உட்புறம் கருத்திருந்தால் நேரடி ஷார்ட். பிளஸ் ஒயர் எங்கோ பாடியில் பட்டிருக்கிறது. கரி எதுவும் இல்லாமல் நடுவில் மட்டும் மெதுவாக உருகி இடைவெளி விழுந்திருந்தால், அளவுக்குச் சற்று மேலான கரண்ட் நெடுநேரம் ஓடியிருக்கிறது. திணறும் மோட்டாரும் கூடுதல் வாட் பல்பும் இப்படித்தான் செய்யும். பட்டை நன்றாகவே இருந்து, கால் பக்கம் பிளாஸ்டிக் மட்டும் உருகி மஞ்சளித்திருந்தால் குற்றவாளி ஃபியூஸ் பெட்டியின் பிடிப்புதான். பிடிப்பு தளர்ந்து, துரு ஏறி, அந்த இடமே சூடாகிறது. அந்தச் சூடு ஃபியூஸுக்கும் ஏறி, அளவுக்குக் குறைவான கரண்டிலேயே அதைக் கொண்டுபோகும். ஒயரைத் தேடி அலைவதற்கு முன் இதைச் சரிபார்த்துவிடுங்கள். பிடிப்பை நெருக்கி, நுண் எமரித் தாளால் தேய்த்து, கான்டாக்ட் கிளீனர் அடித்தாலே சில கார்களில் கதை முடிந்துவிடும். கூம்பு முனை ஃபியூஸை இருந்த இடத்திலேயே நாலு சுற்றுச் சுழற்றிப் பார்ப்பதும் பலன் தரும்.

ஒரு ஃபியூஸ் எவ்வளவு நேரத்தில் போகும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. பிளேடு வகையில் அளவைவிட 10 சதவீதம் கூடினால் 100 மணி நேரம்கூட நிற்கும். 35 சதவீதம் கூடினால் பத்து நிமிடத்துக்குள், இரண்டு மடங்கானால் ஐந்து விநாடிக்குள், மூன்றரை மடங்கானால் அரை விநாடிக்குள் போய்விடும். எனவே போட்ட கணமே ‘டப்’ என்று போனால் அங்கே திணறும் மோட்டாரைச் சந்தேகிப்பதில் பொருளில்லை. ஏழெட்டு நிமிடம் ஓடிப் போனால் அது ஷார்ட்டாக இருக்க வாய்ப்பு குறைவு.

எப்போது போகிறது?

பாதித் தேடல் இந்தக் கேள்வியிலேயே முடிந்துவிடும். சாவியே போடாமல் ஃபியூஸைச் செருகியதும் போனால், பேட்டரியிலிருந்து நேராக வரும் பாதையில், எந்த ஸ்விட்ச்சையும் தாண்டுவதற்கு முன்பே ஷார்ட் இருக்கிறது. சாவி போட்டதும் போனால் இக்னிஷன் பாதை. ஒரு ஸ்விட்ச்சை அழுத்தினால் மட்டும் போனால் அந்த ஸ்விட்ச்சுக்கு அப்புறம். பிரேக் மிதித்தால் போகிறது, மிதிக்காதவரை நிற்கிறது என்றால் பெடல் ஸ்விட்ச் வரை ஒயர் சுத்தம். அங்கிருந்து பின் விளக்கு வரைதான் பார்க்க வேண்டும். பள்ளத்தில் இறங்கும்போது, டிக்கி மூடும்போது, ஸ்டீயரிங் திருப்பும்போது போனால் ஒயர் எங்கோ உரசுகிறது.

மழையில் மட்டும் போனால் உடனே ‘தண்ணீர் புகுந்து ஷார்ட்’ என்பார்கள். வெறும் தண்ணீர் வழியே 10 ஆம்ப் ஃபியூஸ் போகுமளவு கரண்ட் ஓடாது. மழையில் வைப்பர், லைட், புளோயர் எல்லாம் ஒன்றாக ஓடுகின்றன என்பதை முதலில் யோசியுங்கள். நாள்பட்ட ஈரத்தால் பச்சைக் களிம்பு பிடித்த ஹோல்டர், இற்று ஒன்றோடொன்று தொட்டுக்கொள்ளும் தகடுகள், இவைதான் அடுத்த சந்தேகம்.

இரண்டாவது கேள்வி: அந்த ஃபியூஸில் என்னென்ன தொங்குகிறது? பழைய கார்களில் ஒரே ஃபியூஸில் ரிவர்ஸ் லைட், இண்டிகேட்டர், டேஷ்போர்டு மீட்டர் எல்லாம் சேர்ந்திருக்கும். ஒயரிங் வரைபடம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஃபியூஸைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு ஸ்விட்ச்சாகப் போட்டு, எதெல்லாம் செத்திருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தப் பட்டியல்தான் இனித் தேட வேண்டிய எல்லை.

நிறத்தை நம்பி ஒயரைத் தொடும்முன் ஒரு எச்சரிக்கை. பழைய பிரிட்டிஷ் ஒயரிங்கில் பழுப்பு என்றால் பேட்டரி பிளஸ், ஃபியூஸ்கூட இல்லாத நேரடி இணைப்பு. ஜெர்மன் கார்களில் பழுப்பு என்றால் எர்த், அதாவது பாடியோடு சேரும் ஒயர். ஒரு காரில் பழகிய கை இன்னொரு காரில் தவறு செய்யும் இடம் இதுவே.

ஃபியூஸ் இருந்த இடத்தில் பல்பு

ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு ஃபியூஸ் என்று எரித்துக்கொண்டிருந்தால் பெட்டி காலியாகும், பழுது அகப்படாது. செலவில்லாத கருவி ஒன்றை நீங்களே செய்துகொள்ளலாம். போன பிளேடு ஃபியூஸ் ஒன்றின் பிளாஸ்டிக்கை உடைத்து, இரண்டு காலிலும் ஒவ்வொரு முழ ஒயர் சாலிடர் செய்யுங்கள். மறுமுனைகளை ஒரு பல்பு ஹோல்டரில் இணையுங்கள். காலின் பற்றவைப்புகள் ஒன்றையொன்று தொடாமல் ஸ்லீவ் போட்டுவிடுங்கள். இதை ஃபியூஸ் இருந்த இடத்தில் செருகினால் கரண்ட் பல்பு வழியாகத்தான் போக வேண்டும். பாதையில் ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். ஷார்ட் விலகினால் மங்கும் அல்லது அணையும். ஒயருக்கு ஆபத்தில்லை, ஏனென்றால் பல்பு விடுகிற கரண்டுக்கு மேல் அங்கே ஓடவே முடியாது.

எந்த வாட் பல்பு என்பதில் கொஞ்சம் கவனம் தேவை. 21 வாட் பிரேக் லைட் பல்பு 12 வோல்ட்டில் 1.75 ஆம்ப் இழுக்கும். பார்க் லைட், ரூஃப் லைட், ரேடியோ போன்ற சிறு பாதைகளுக்கு அது போதும். ஹெட்லைட், வைப்பர், புளோயர் பாதையில் 21 வாட்டைப் போட்டால் ஷார்ட்டே இல்லாதபோதும் பளீரென்று எரிந்து ஏமாற்றும். அங்கே ஹெட்லைட் பல்பின் 55 வாட் இழையைப் பயன்படுத்துங்கள். அது சுமார் 4.6 ஆம்ப். 55 வாட் பல்பு கை வைக்க முடியாத அளவு சுடும். சீட்டின்மீதோ கார்ப்பெட்டின்மீதோ வைத்துவிட்டு டிக்கிப் பக்கம் போய்விடாதீர்கள். தகரத்தின்மேல் வையுங்கள், அல்லது கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள்.

இனித் தேடல். பல்பு பளீரென எரியும் நிலையை உண்டாக்குங்கள்: சாவி, ஸ்விட்ச், கியர், எது போட்டால் ஃபியூஸ் போகிறதோ அது. பிறகு பட்டியலில் உள்ளவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். பின் விளக்கு பல்புகள், ரேடியோ கப்ளர் (ஒயர்கள் சேரும் செருகி), லைட்டர் சாக்கெட்டின் ஒயர், டிரெய்லர் சாக்கெட் இருந்தால் அது. எதைக் கழற்றியதும் வெளிச்சம் சட்டென்று குறைகிறதோ அந்தக் கிளையில்தான் பழுது. எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் எரிந்துகொண்டே இருந்தால் பழுது ஒயரில். அப்போது பாதையின் நடுவில் உள்ள கப்ளரைப் பிரியுங்கள். பல்பு அணைந்தால் ஷார்ட் பின்பாதியில், அணையாவிட்டால் முன்பாதியில். அந்தப் பாதியின் நடுவில் அடுத்த கப்ளர். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டு போனால் நான்கைந்து தடவையில் ஒரு முழ நீளத்துக்குள் வந்துவிடலாம். ஒரு முனையிலிருந்து டேப்பைப் பிரித்துக்கொண்டே போவதைவிட இது பலமடங்கு வேகம்.

ஏர்பேக் உள்ள காராக இருந்தால் மஞ்சள் நிறக் கப்ளர், மஞ்சள் உறை ஒயர் எதிலும் பல்போ மீட்டரோ வைக்காதீர்கள்.

மீட்டர் ஏமாற்றும் இடம்

மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துத் தேடுவதும் சரிதான், ஆனால் விதி தெரிய வேண்டும். ஃபியூஸைக் கழற்றிவிட்டு, பேட்டரி இணைந்திருக்கும்போதே ஃபியூஸ் இடத்தின் இரண்டு முனைகளில் எதில் 12 வோல்ட் வருகிறது என்று வோல்ட் அளவில் பாருங்கள். அது சப்ளை முனை. மற்றது லோடு முனை, தேட வேண்டியது அந்தப் பக்கம். இக்னிஷன் பாதையானால் சாவி போட்டுப் பாருங்கள். அதன்பின் பேட்டரியின் எர்த் இணைப்பைக் கழற்றிவிட்டு லோடு முனைக்கும் பாடிக்கும் நடுவே ஓம் அளவிடுங்கள். கரண்ட் இருக்கும் பாதையில் ஓம் அளவு வைத்தால் மீட்டரின் உள் ஃபியூஸ் போகும், அல்லது மீட்டரே போகும்.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். எரியும்போது 21 வாட் பல்பின் இழை சுமார் 7 ஓம். அணைந்து ஆறியிருக்கும்போது அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். இரண்டு பிரேக் லைட் சேர்ந்தால் அரை ஓமுக்கும் கீழே காட்டும், மீட்டர் ‘பீப்’ என்று கத்தும், ஷார்ட் என்று முடிவு கட்டிவிடுவோம். நல்ல மோட்டாரும் நின்றிருக்கும்போது இதே போலத்தான் காட்டும். எனவே பல்புகளைக் கழற்றி, மோட்டார் கப்ளர்களைப் பிரித்துவிட்டுத்தான் ஓம் பார்க்க வேண்டும். மீட்டர் ஒயரின் சொந்த ஓமைக் கழிப்பதற்கு, இரண்டு முனைகளையும் முதலில் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடிக்கடி அகப்படும் இடங்கள்

லைட்டர் சாக்கெட். ரேடியோ, கடிகாரம், ரூஃப் லைட் உள்ள ஃபியூஸ் போனால் வேறெங்கும் போகும்முன் டார்ச் அடித்து இதற்குள் பாருங்கள். சில்லறைக் காசு, சார்ஜரின் உடைந்த முனை, ஒரு சுருள் ஸ்பிரிங், ஏதாவது ஒன்று நடு முனையையும் பக்கச் சுவரையும் இணைத்துக்கொண்டு கிடக்கும். எடுக்கும்முன் ஃபியூஸைக் கழற்றிவிடுங்கள்.

ரிவர்ஸ் லைட் ஒயர். ரிவர்ஸ் கியர் போட்டதும் பெட்ரோல் மீட்டர் முள் விழுகிறது, இண்டிகேட்டர் செத்துவிடுகிறது என்றால் நேரே கியர்பாக்ஸ் ஸ்விட்ச்சுக்குப் போங்கள். அங்கே ஒயரைப் பிடித்திருந்த கிளிப் உடைந்து, ஒயர் தொங்கி, சைலன்சர் பைப்பின்மேல் சாய்ந்திருக்கும். மேலிருந்து பார்த்தால் ஒயர் நன்றாகவே தெரியும். விரலால் மெல்லப் புரட்டினால்தான் அடிப்பக்கம் உறை இளகி வழிந்து, கருத்து மினுங்கும் அங்குல நீளமும், நடுவே துருத்தும் செம்பு இழைகளும் கண்ணில் படும். இன்ஜின் ஆறிய பிறகே கையை விடுங்கள்.

டிக்கிக் கீல். மூடி திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அங்கே ஒயர் வளைகிறது. ரப்பர் உறையை இழுத்துப் பார்த்தால் உள்ளே இரண்டு மூன்று ஒயர்கள் ஒரே இடத்தில் வெடித்திருக்கும். கதவுக்கும் தூணுக்கும் நடுவே உள்ள ரப்பர் உறையும் அப்படியே. நம்பர் பிளேட் லைட் டிக்கி மூடியில் இருந்தால், பார்க் லைட் ஃபியூஸ் போவதற்கு முதல் சந்தேகம் இதுதான்.

பின் விளக்கு ஹோல்டர். பிரேக்குக்கும் பார்க்குக்கும் சேர்ந்த 21/5 வாட் பல்பின் இரு பக்கக் கொண்டிகள் ஒரே உயரத்தில் இருக்காது. அதன் இடத்தில் ஒற்றை இழைப் பல்பை நெருக்கிப் போட்டிருந்தால், அதன் ஒரே அடிமுனை இரண்டு தொடுமுனைகளையும் இணைத்துவிடும். பிரேக் மிதித்தால் டேஷ்போர்டு விளக்கும் சேர்ந்து எரிகிறதென்றால் இதைப் பாருங்கள். பிரேக் ஃபியூஸ் காரின் எல்லாப் பார்க் லைட்டையும் சுமந்துகொண்டிருக்கிறது. பல்புக்குள்ளேயே அறுந்த இழை சரிந்து இரண்டு தூணையும் தொட்டு ஷார்ட் ஆவதும் உண்டு. பல்பைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தால் தெரிந்துவிடும்.

பின்னாளில் போட்ட சாமான்கள்: ஸ்டீரியோ, அலாரம், ஃபாக் லைட், கூடுதல் ஹாரன். டேப் சுற்றிய ஒட்டு எங்கே கண்டாலும் பிரித்துப் பாருங்கள். கார் கம்பெனி நடு ஒயரில் டேப் சுற்றி ஒட்டுப் போட்டு அனுப்பாது. 55 வாட் ஹெட்லைட் இரண்டுக்கும் சேர்த்து சுமார் 9 ஆம்ப். 100 வாட் பல்பு மாட்டியிருந்தால் அது 16 ஆம்புக்கு மேல். 15 ஆம்ப் ஃபியூஸ் கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டுப் போவதில் வியப்பில்லை.

ஏசி போட்டதும் போனால் கம்ப்ரஸர் கிளட்ச். அந்த காயில் 3 முதல் 4 ஆம்ப் வரை இழுக்கும், அதாவது 3 ஓமுக்குச் சற்று மேலே காட்ட வேண்டும். 1 ஓம் காட்டினால் காயில் உள்ளுக்குள் வெந்துவிட்டது. காயிலின் குறுக்கே டயோடு இருந்தால் அதையும் தனியாகப் பாருங்கள். அது ஷார்ட்டானாலும் இதே அறிகுறிதான்.

தேட வேண்டாத இடம் ஒன்றும் சொல்ல வேண்டும். பெரும்பாலான கார்களில் ஹாரன் பொத்தான் ரிலேயின் (சிறு கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் ஸ்விட்ச்) எர்த் பக்கத்தில் இருக்கிறது. ஸ்டீயரிங்குக்குள் அந்த ஒயர் பாடியில் பட்டால் ஹாரன் நிற்காமல் அலறும், ஃபியூஸ் போகாது. ஃபியூஸ் போகிறதென்றால் ரிலேயிலிருந்து ஹாரன் வரையுள்ள ஒயரையும் ஹாரனையும் பாருங்கள். ரூஃப் லைட்டின் கதவு ஸ்விட்ச்சும் பல கார்களில் எர்த் பக்கம்தான். அதைக் கழற்றிக் கொண்டிருப்பது வீண்.

மோட்டார் திணறினால்

ஃபியூஸ் சில நிமிடம் கழித்துப் போகும் பாதையில் மோட்டார் இருந்தால், ஓமைவிட ஆம்ப் பார்ப்பதே மேல். பேட்டரி தரும் டிசி கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டர் வேண்டும். வீட்டுக்கு வரும் ஏசி கரண்டை மட்டும் அளப்பது உதவாது. பூஜ்யம் செய்துவிட்டு ஒற்றை ஒயரைச் சுற்றி மாட்டுங்கள்.

வைப்பரில் பெரும்பாலும் மோட்டார் குற்றமற்றது. கை மூட்டுகளின் சுழல்தண்டு துருவேறி இறுகியிருக்கும். இணைப்புத் தண்டை மோட்டாரிலிருந்து கழற்றிவிட்டு வைப்பர் கைகளைக் கையால் அசையுங்கள். தடையின்றி நகர வேண்டும். மோட்டாரைத் தனியாக ஓடவிட்டு ஆம்ப் பாருங்கள். தனியாகக் குறைவாகவும் இணைத்தால் இரண்டு மடங்காகவும் காட்டினால் மூட்டுக்கு எண்ணெயும் கிரீஸும்தான் மருந்து. தனியாகவே அதிகம் இழுத்தால் உள்ளே கியர் கிரீஸ் காய்ந்திருக்கிறது, அல்லது புஷ் (தண்டு சுழலும் உலோக வளையம்) தேய்ந்திருக்கிறது.

புளோயரில் காற்றுவழி அடைத்தால் ஆம்ப் கூடும் என்று நினைப்பது தவறு. தள்ளுவதற்குக் காற்று குறைவதால் ஆம்ப் குறையவே செய்யும். கூட்டுவது இறுகிய புஷ்ஷும் விசிறியில் சிக்கிய சருகும்தான். பெட்ரோல் பம்பு இதற்கு நேர்மாறு: இன்ஜெக்ஷன் காரில் பம்புக்கு அப்பால் உள்ள ஃபில்டர் அடைத்தால் அழுத்தம் ஏறி ஆம்ப் கூடும். பம்பை மாற்றும்முன் ஃபில்டரை மாற்றிப் பாருங்கள்.

எப்போதாவது மட்டும் போனால்

பல்புக் கருவியைச் செருகி, கண்ணில் படும்படி வைத்துவிட்டு, ஒயர் கட்டை ஒவ்வொரு சாணாக ஆட்டிக்கொண்டே போங்கள். டேஷ்போர்டு அடி, இன்ஜின் பக்கத் தகட்டில் ஒயர் நுழையும் ஓட்டை, சீட் தண்டவாளத்தின் கீழே கார்ப்பெட், பின் சக்கர வளைவு. பல்பு ஒரு கணம் பளிச்சிட்டாலும் நிறுத்தி அங்கேயே பாருங்கள். தகட்டு ஓட்டையில் ரப்பர் குரோமெட் காய்ந்து உதிர்ந்திருந்தால் தகட்டின் விளிம்பு கத்தி போல ஒயரை அறுக்கும்.

ஷார்ட் நிலையாக இருந்தும் ஒயர் கார்ப்பெட்டுக்குள்ளும் டிரிம்முக்குள்ளும் ஓடினால் ஒரு பழைய வித்தை இருக்கிறது. ஃபியூஸ் இடத்தில் தானாக விட்டு விட்டு இணையும் சர்க்யூட் பிரேக்கரை, ஃபியூஸின் அளவுக்கு மிகாமல் செருகுங்கள். கரண்ட் பாயும் ஒவ்வொரு தடவையும் ஒயரைச் சுற்றிக் காந்தப்புலம் எழும். சாதாரணத் திசைகாட்டி ஒன்றை ஒயர் போகும் பாதையின்மேல் நகர்த்திக்கொண்டே வந்தால் முள் துள்ளும். ஷார்ட் உள்ள இடத்தைத் தாண்டியதும் துள்ளல் நின்றுவிடும். சில நிமிடத்துக்கு மேல் இதை ஓடவிடாதீர்கள். புகை வாடை வந்தால் உடனே பிடுங்கிவிடுங்கள்.

இடம் கிடைத்த பிறகு

பேட்டரியில் பாடியோடு சேரும் முனையை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். பெரும்பாலும் அது மைனஸ். மிகப் பழைய சில பிரிட்டிஷ் கார்களில் பிளஸ்தான் எர்த். கையில் மோதிரமோ உலோக வாட்ச் பட்டையோ இருந்தால் கழற்றி வையுங்கள்.

உறை உரிந்த ஒயரின்மேல் டேப் மட்டும் சுற்றுவது இன்ஜின் பக்கத்தில் ஒரு கோடைக்குக்கூட நிற்காது. செம்பு கருத்திருந்தால் பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டி, அதே கனத்தில் புதுத் துண்டு ஒயர் சேருங்கள். ஸ்லீவை முதலிலேயே ஒயரில் நுழைத்துவிட்டு அப்புறம் சாலிடரோ கிரிம்ப்போ செய்யுங்கள். எத்தனை முறை செய்தவர்களும் இதை மறந்து மறுபடி வெட்டுவதுண்டு. ஈரம் படும் இடத்தில் உள்ளே பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள். கதவு, டிக்கிக் கீல் போல வளையும் இடத்தில் ஒட்டு வரக் கூடாது. சாலிடர் ஏறிய இடம் விறைத்து, அதன் ஓரத்தில் இழை அறும். ஒட்டைத் தள்ளி, வளையாத இடத்தில் வையுங்கள். எது ஒயரை அறுத்ததோ அதையும் சரி செய்யுங்கள்: குரோமெட், கிளிப், நெளிவுக் குழாய்.

இப்போது சரியான அளவு ஃபியூஸைப் போட்டு, அந்தப் பாதையில் உள்ள எல்லாவற்றையும் ஒன்றாக ஓடவிட்டு, இன்ஜினும் ஓடும்போது கிளாம்ப் மீட்டரில் ஆம்ப் பாருங்கள். இன்ஜின் ஓடினால் 14 வோல்ட் சுமார் வருவதால் கரண்டும் கூடும். நின்ற காரில் எடுத்த அளவு போதாது. தொடர்ந்து ஓடும் கரண்ட் ஃபியூஸ் அளவில் முக்கால் பங்குக்குள் இருக்க வேண்டும்: 10 ஆம்பில் 7.5, 15 ஆம்பில் சுமார் 11. அதற்கு மேல் காட்டினால் ஷார்ட் போய்விட்டது, சுமை இன்னும் கூடுதல். பட்டியலில் பின்னாளில் சேர்த்தது எதுவோ அதற்குத் தனி ஃபியூஸோடு பேட்டரியிலிருந்து தனி ஒயர் இழுத்துவிட்டு, மறுபடி அளந்து, அந்த எண்ணை ஃபியூஸ் பெட்டி மூடியின் உட்புறம் எழுதி வையுங்கள்.